முதல் அழைப்பிலேயே சொல்ல வேண்டுமா?
வேலை தேடும்போது, ஆட்டிசம் இருப்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே ரெக்ரூட்டரிடம் (வேலைக்கு ஆள் தேர்ந்தெடுப்பவரிடம்) சொல்லிவிடுங்கள் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் நம் பெயரைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டால், காரணம் நமக்குத் தெரியவே வராது. ஆட்டிசம் உள்ள என் தம்பி, நேர்காணல் தேதி உறுதியான பிறகுதான் மின்னஞ்சல் அனுப்பினான்: "கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் தர முடியுமா? ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும்." தந்தார்கள். ஆட்டிசம் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால் தன்னம்பிக்கை இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள் (எவ்வளவு அநியாயம் இது!). அங்கே காரணத்தையும் சொல்லிவிடுவதே மேல். எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனம் 2013-லும் மைக்ரோசாஃப்ட் 2015-லும் தொடங்கியது போன்ற, ஆட்டிசம் உள்ளவர்களுக்கான தனித் திட்டங்கள் என்றால் சரி, விண்ணப்பத்திலேயே தாராளமாக எழுதலாம்.