யென்னின் மதிப்பு ஜப்பானின் வசதி ஆகாது

அண்ணே, 1 யென் 60 பைசாகூட இல்லை, அதனால் ஜப்பானைவிட நாம்தான் வசதி என்கிறீர்கள். யென் கணக்கு சரி, முடிவுதான் சரியில்லை. எங்க மன்னார்குடிப் பக்கம் களத்தில் கிடக்கும் நெல்லைக் கலத்தால் அளந்தால் 10, மரக்காலால் அளந்தால் 120. நெல் கூடிவிட்டதா? நாணயமும் அப்படி ஓர் அளவுதான்.

பார்க்க வேண்டியது வருமானம். 2024 அக்டோபரில் ஜப்பானில் சராசரி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,055 யென்னாக இருந்தது, அதாவது 550 ரூபாய்க்கு மேல். அந்த வருஷம் நம்ம நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்த முழுநாள் கூலியே 319 ரூபாய். வெயிலில் மண்வெட்டி பிடிக்கிற நம்ம அக்காமார்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே விலைவாசியும் அதிகம்தான். அதையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க, உலக வங்கியின் தளத்தில் வாங்கும் திறன் அடிப்படையிலான தனிநபர் உற்பத்தி என்ற பட்டியலைத் திறந்து இரண்டு நாட்டையும் தேர்ந்தெடுங்கள். ஜப்பான் 4 மடங்குக்கு மேல் நிற்கும்.