ஐந்து நிமிட வேலையாம்!

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'மில்-ஸ்பெக்', அதாவது ராணுவ அளவு. பில்லில் 'மில்-ஸ்பெக்'. விற்றவர்களின் இணையப் பக்கத்தில் கண்ணில் பட்ட இடமெல்லாம் 'மில்-ஸ்பெக்'. உள்ளே இருந்தது வேறு அளவிலான கம்மர்ஷியல் டியூப். ஏஆர்-15 துப்பாக்கிக்குப் பஃபர் டியூப், அதாவது தோளில் அணைக்கும் கட்டையான ஸ்டாக்கைத் தாங்கும் பின்குழாய், மாற்றிப் பார்த்தவர்களிடம் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. இந்நேரம் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனாலும் நான் சொல்லத்தான் போகிறேன். வயிற்றெரிச்சலை வேறு எங்கே போய்க் கொட்டுவது?

மில்-ஸ்பெக் டியூபின் வெளிவிட்டம் சுமார் 1.148 அங்குலம். கம்மர்ஷியல் டியூபுக்குச் சுமார் 1.168. வித்தியாசம் அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டருக்காகத்தான் நேற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தாரை வார்த்தேன். கொடுமை என்னவென்றால், இரண்டுக்கும் மரை ஒரே ரிசீவருக்குள்தான், துப்பாக்கியின் உடற்கூட்டுக்குள்தான் போகிறது. எந்த டியூபை வைத்துத் திருகினாலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், ஒரு முனகல்கூட இருக்காது. எல்லா வேலையும் முடித்து, கை கழுவி, கடைசியாக ஸ்டாக்கை மாட்டப் போகும்போதுதான் தன் சுயரூபத்தைக் காட்டும். கம்மர்ஷியல் டியூபின் பின்முனை பெரும்பாலும் சாய்வாக இருக்கும், பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். எனக்கு வந்த மகராசி அந்தச் சாய்வுகூட இல்லாமல் நேராக, அப்பாவி போல வந்து இறங்கினாள்.

"முதலில் அளந்து பார்த்திருக்கலாமே" என்று கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மூட்டையில் அரிசி என்று எழுதியிருந்தால் நாம் சோறுதான் வடிப்போம். உள்ளே இருப்பது உமியா என்று ஒவ்வொரு மணியாகக் கடித்துப் பார்த்துவிட்டா உலை வைக்கிறோம்? டிஜிட்டல் காலிப்பர் வைத்து அளந்துதான் பெயரை நம்ப வேண்டும் என்றால், பெட்டியின் மேல் பெயரை எதற்கு அச்சடிக்கிறார்கள்? வெறும் பெட்டியாக அனுப்பட்டுமே, உள்ளே என்ன இருக்கிறது என்று நாமே ஜோசியம் பார்த்துக்கொள்கிறோம்.

ஏஆர்-15ஐ வடிவமைத்த யூஜின் ஸ்டோனர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 1950களின் கடைசியில் ஆர்மலைட் நிறுவனத்தில் உட்கார்ந்து அந்த மனிதர் அழகாகத்தான் வேலை செய்திருக்கிறார். 1959இல் உரிமை கோல்ட் என்ற துப்பாக்கி நிறுவனத்துக்குப் போனது, 1977இல் காப்புரிமை காலாவதியானது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் உதிரிபாகம் செய்யலாம் என்று ஆகிவிட்டது. போட்டி வந்தால் விலை குறையும் என்பார்கள். குறைந்தது, மறுக்கவில்லை. கூடவே ஆளுக்கொரு அளவும் வந்து சேர்ந்தது. இதற்குச் சட்டமும் ஒரு வகையில் ஒத்தாசை. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த வகைத் துப்பாக்கியில் லோயர் ரிசீவர் என்ற கீழ்க்கூடு மட்டும்தான் 'துப்பாக்கி'. அதை வாங்க உரிமம் உள்ள கடைக்குப் போய்ப் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்து வர வேண்டும். டியூப், ஸ்டாக், பின், ஸ்பிரிங் எல்லாம் சட்டத்தின் கண்ணில் வெறும் உலோகத் துண்டுகள். தபாலில் வந்து வாசலில் விழும். விழட்டும், நல்லதுதான். சரியான துண்டாக விழுந்தால் போதாதா?

நேற்றைய திருவிழாவுக்கு வருகிறேன். பழைய டியூப் நசுங்கிப்போயிருந்தது, ஸ்டாக் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. அதனால்தான் கராஜில் மாற்றவே உட்கார்ந்தேன். மகசினைக் கழற்றி, தோட்டா நிற்கும் சேம்பரை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாயிற்று. சாஸ்திரோக்தமாக ஆரம்பித்தேன் என்பதைப் பதிவு செய்யவே இதைச் சொல்கிறேன்.

டியூபை ரிசீவரோடு இறுக்கிப் பிடிக்கும் காஸில் நட்டை முதலில் கழற்ற வேண்டும். அதைத் தொழிற்சாலையில் முடுக்கிய புண்ணியவான், அது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அதற்கும் ரிசீவருக்கும் நடுவில் இருக்கும் எண்ட் பிளேட் தகட்டின் உலோகத்தைப் பஞ்ச் என்ற உளியால் குத்தி நட்டின் வெட்டுக்குள் பிதுக்கிவிட்டிருந்தார். அப்படித்தான் செய்ய வேண்டும், தவறில்லை. ஆனால் அவருக்கு அன்றைக்கு வீட்டில் என்ன சண்டையோ, குத்திய குத்தில் மொத்தக் கோபமும் இறங்கியிருந்தது. ரெஞ்ச் வழுக்குகிறது, முட்டி மேஜையில் இடிக்கிறது, நட்டு அசையவில்லை. கடைசியில் அசைந்தபோது எழுந்த 'கிரீச்' சத்தத்துக்கு, பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது.

அடுத்தது ஸ்பிரிங்குகள். இந்த இடத்தில் ஸ்டோனரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க ஆசை. பஃபர் டியூபின் விளிம்பு ஒரு பின்னை அமுக்கிப் பிடித்திருக்கிறது. அந்தப் பின்னுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். டியூபைத் திருகிக் கழற்றினால் விளிம்பு விலகும், பின் துள்ளும். சரி, இதையாவது எதிர்பார்த்திருந்தேன், கட்டைவிரலை வைத்துப் பிடித்துவிட்டேன். ஆனால் வலது பக்கத்தில், ரிசீவரின் பின்புறத் துளையில் ஒளிந்திருக்கிறதே இன்னொரு ஸ்பிரிங், துப்பாக்கியின் மேல், கீழ்ப் பாகங்களைச் சேர்க்கும் டேக்டவுன் பின் நழுவாமல் பிடிக்கிற டிடென்ட் என்ற குட்டி ஊசியைத் தள்ளிக்கொண்டிருப்பது, அதுதான் வில்லன். எண்ட் பிளேட் ஓர் இழை பின்னால் வந்ததும் அது வெளியே எட்டிப் பார்க்கும். எண்ட் பிளேட் லேசாகச் சுழன்றால் மடங்கிப்போகும். சுழலாமல் முழுதாக விலகினால் பறந்துபோகும். மடங்குவதா பறப்பதா என்பதுதான் அதற்கு முன்னால் இருக்கும் தேர்வு. சும்மா இருப்பது என்ற மூன்றாவது வழி அதற்குச் சொல்லித்தரப்படவில்லை.

முதல் சுற்றில் தப்பித்தேன். கையையும் ரிசீவரையும் சேர்த்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு வேலை செய்தேன். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஏதோ மாந்திரீகம் நடப்பதாகத் தோன்றியிருக்கும். ஸ்பிரிங் துள்ளியது, பையில் மோதியது, விழுந்தது. எடுத்துத் தட்டில் வைத்தேன்.

மாட்டுவதற்கு முன் ஒரு வீடியோ பார்த்தேன். தலைப்பு: 'ஐந்தே நிமிடத்தில் பஃபர் டியூப் மாற்றலாம்'. அந்த மனிதரை நேரில் பார்த்தால் கும்பிட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்பேன். முன்னுரைக்கு எத்தனை நிமிடம் ஐயா? தாடி எண்ணெய்க்கான விளம்பரத்துக்கு எத்தனை நிமிடம்? எல்லாம் முடிந்து வேலைக்கு வருகிறார். "இப்போது இந்த ஸ்பிரிங்கை மெதுவாக இப்படி அமுக்கிக்கொண்டு" என்கிறார். எப்படி என்று பார்க்கக் குனிந்தால் அவருடைய புறங்கை முழுத் திரையையும் மறைக்கிறது. அடுத்த காட்சியில் எல்லாம் மாட்டி முடித்துப் புன்னகைக்கிறார். சட்டை மாறியிருக்கிறது! சட்டை மாறும் அளவுக்கு நேரம் எடுத்த வேலை எப்படி ஐந்து நிமிட வேலை? அந்த இரண்டு சட்டைகளுக்கும் நடுவில் அவர் தரையில் ஊர்ந்து தேடியதைக் காட்டியிருந்தால், நான் அவருக்குக் கோயிலே கட்டியிருப்பேன்.

ஒருவழியாக மாட்டினேன். டியூபை உள்ளே திருகி, விளிம்பு அந்தத் துளைக்கு அருகே வந்ததும் நிறுத்தி, பின்னை வைத்து அமுக்கிக்கொண்டு இன்னும் ஒரு சுற்று. ஒரு சுற்றில் முக்கால்வாசி என்றெல்லாம் நிறுத்த முடியாது. டியூப் நேராக நின்றால்தான் எண்ட் பிளேட் அதன் பள்ளத்தில் உட்காரும். ஒரு கை ரிசீவரில், ஒரு கை டியூபில், மூன்றாவது கை பின்னை அமுக்க, நான்காவது கை டிடென்ட் ஸ்பிரிங்கைக் காவல் காக்க. இதை வடிவமைத்தவர்கள் முருகனை மனத்தில் வைத்து வடிவமைத்திருப்பார்கள் போலிருக்கிறது. எல்லாம் உட்கார்ந்தது. காஸில் நட்டை 40 அடி-பவுண்டு அளவுக்கு முடுக்கினேன். பஞ்ச் உளியை வைத்து இரண்டு இடத்தில் குத்தினேன், அதுவும் அளவோடு, அடுத்து கழற்றப்போகிறவன் பாவம் என்ற நினைப்போடு. எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

ஸ்டாக்கை எடுத்து டியூபின் முனையில் வைத்துத் தள்ளினேன்.

போகவில்லை.

எண்ணெய் தடவித் தள்ளினேன். திருப்பித் தள்ளினேன். லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பெற்ற பிள்ளையிடம் பேசுவது போல இதமாகப் பேசித் தள்ளினேன். அதற்குப் பிறகுதான் காலிப்பரை எடுத்தேன். 1.168. திரையில் அந்தக் கடைசி எட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

விற்றவர்களின் உதவி அரட்டைக்குப் போனேன். எதிர்முனையில் மனிதரா இயந்திரமா என்று இன்றுவரை தெரியாது. "உங்கள் ஸ்டாக் தவறான அளவாக இருக்கலாம், அதற்குப் பொருத்தமான ஸ்டாக்கை எங்களிடமே வாங்கலாம்" என்று பதில் வந்தது, கூடவே பத்து சதவீதத் தள்ளுபடிக் குறியீடு. தவறாக அனுப்பியவர்களே அந்தத் தவறுக்குப் பொருந்துகிற இன்னொரு பொருளை விற்கிறார்கள்! இந்த வியாபாரத் திறமையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். சாப்ஜாடாக மறுத்து, திருப்பி அனுப்புகிறேன் என்றேன். "தாராளமாக. பொருள் பொருத்தப்படாத நிலையில் இருக்க வேண்டும்" என்றார்கள். பொருத்திப் பார்க்காமல் பொருந்தவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? கனவில் அம்மன் வந்து சொல்வாளா? பெட்டியைப் படம் எடுத்து, பில்லைப் படம் எடுத்து, காலிப்பரின் திரையைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு, "எங்கள் குழு பரிசீலிக்கும்" என்றார்கள். குழு! ஒரு டியூபின் விட்டத்தைப் படிக்க எத்தனை பேர் கூட வேண்டும்?

பரிசீலனை முடியும் வரை காத்திருக்க முடியாது என்று மறுபடி கழற்ற உட்கார்ந்தேன். என் கையாலேயே குத்தி இறுக்கிய நட்டு. அடுத்து கழற்றப்போகிறவன் பாவம் என்று பார்த்துப் பார்த்துக் குத்தினேன் அல்லவா, அந்தப் பாவம் நான்தான். நட்டு விட்டது. எண்ட் பிளேட் விலகியது. பை கிழிந்திருந்ததை ஸ்பிரிங்தான் எனக்கு முன்னால் கவனித்திருக்கிறது. கிழிசல் வழியாக அது போன அழகைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது. இப்படி நடந்தால் ஆடாமல் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எங்கே விழுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் வாக்கு. மர அலமாரியில் பட்டால் ஒரு சத்தம், சிமென்ட் தரையில் பட்டால் வேறு சத்தம். காதைத் தீட்டிக்கொண்டு சிலையாக நின்றேன்.

சரியாக அந்த விநாடியில் பக்கத்து வீட்டுக்காரர் இலை ஊதும் இயந்திரத்தை முடுக்கினார்.

இதைக் கேட்கத்தான் வேண்டும். துப்பாக்கியும் வேண்டாம், ஸ்பிரிங்கும் வேண்டாம், அது கிடக்கட்டும். அவர் முதுகில் மாட்டியிருக்கிறாரே, அந்த இயந்திரம் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது? குனிந்து கூட்டினால் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. அதற்குப் பெட்ரோல் ஊற்றி, தன் காதில் மட்டும் பத்திரமாக அடைப்பான் வைத்துக்கொண்டு, தெரு முழுவதையும் செவிடாக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உலா வருகிறார். இலையை அள்ளுவதுமில்லை. தன் புல்தரையிலிருந்து வேலி ஓரத்துக்கு ஊதுகிறார், அங்கிருந்து வேலியின் இடுக்கு வழியாக எங்கள் பக்கம் ஊதுகிறார். சாயங்காலம் காற்றடித்தால் பாதி இலை அவர் வீட்டுக்கே திரும்பிவிடுகிறது. மறுவாரம் மறுபடி ஊதுகிறார். ஒரே இலைகள்! வருடக்கணக்காக இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருக்கும் ஒரு பழுத்த மேப்பிள் இலையை எனக்கு இப்போது முகம் பார்த்தே அடையாளம் தெரியும். ஸ்பிரிங்கைத் தேட எடுத்த காந்தத்தைக் கையில் பிடித்தபடியே வெளியே போய்க் கத்தினேன். அவர் அடைப்பானைக் கழற்றாமலே சிரித்துக் கையசைத்தார். நானும் கையசைத்தேன், வேறென்ன செய்வது? அதை நட்பு என்று எடுத்துக்கொண்டு, பெரிய மனது பண்ணி, எங்கள் வாசலையும் சேர்த்து ஊதிவிட்டுப் போனார். கராஜ் கதவு திறந்துதான் இருந்தது.