மேல்தளம் தட்டையாக இருந்தால் எல்லாம் ஒன்றாகிவிடுமா?

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. இணையப் பக்கமொன்றில் வந்த அந்தப் படமும் அதன் கீழே எனக்குக் கிடைத்த பதில்களும் உங்களில் பலரின் கண்ணில் பட்டிருக்கும். 'அமெரிக்க விமானந்தாங்கி திருகோணமலைக்கு வருகிறது' என்று தலைப்பு. படத்தில் இருந்ததோ தரையிறக்கக் கப்பல். பின்புறக் கதவு திறந்திருக்கிறது, உள்ளேயிருந்து காற்றுமெத்தையில் ஓடும் ஹோவர்கிராஃப்ட் படகு ஒன்று நீரைச் சீறியடித்தபடி வெளியே வருகிறது. விமானந்தாங்கியில் அப்படியொரு கதவே கிடையாது என்று மரியாதையாகத்தான் எழுதினேன். 'மேலே தட்டையாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான் ஐயா, உங்கள் புலமையை வேறெங்காவது காட்டுங்கள்' என்று பதில் வந்தது. அதற்கு எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பதையும் பார்த்தேன்.

ஒன்றல்ல, தம்பி. நிமிட்ஸ் வகை விமானந்தாங்கி 333 மீற்றர் நீளம், ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன் எடை, அணுவுலையில் ஓடுவது. தளத்திலுள்ள நீராவிக் கவண்பொறி இரண்டே வினாடியில் விமானத்தை வானில் வீசும். திரும்பி வரும் விமானம் வாலில் உள்ள கொக்கியால் தளத்துக் கம்பிவடத்தைப் பற்றி நிற்கும். கரையை நெருங்கவே தேவையில்லாத கப்பல் அது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் நின்றே தன் வேலையை முடித்துவிடும்.

வாஸ்ப் வகைத் தரையிறக்கக் கப்பல் 257 மீற்றர், நாற்பதாயிரம் தொன் அளவு. விமானத்தை வீசும் கவண்பொறியும் இல்லை, கம்பிவடமும் இல்லை. ஹெலிகொப்டர்களும், செங்குத்தாக இறங்கும் விமானங்களும் மட்டுமே அதில் இயங்க முடியும். பின்பக்கத்தைத் தாழ்த்திக் கடல்நீரை உள்ளே விட்டு, வயிற்றுக்குள் இருக்கும் படகுகளை மிதக்கவிட்டு அனுப்பும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினரையும் வாகனங்களையும் கரையில் இறக்கத்தான் அதைக் கட்டினார்கள். ஒன்று தூர நின்று அடிக்க, மற்றது கரையில் ஆள் இறக்க. இதைப் பிரித்தறிவது புலமையா?

உடனே ஒருவர் டிரிப்போலி என்ற அமெரிக்கத் தரையிறக்கக் கப்பலைக் காட்டி, இதுவும் விமானந்தாங்கிபோலத்தானே என்றார். 2022இல் அதில் செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி போர்விமானங்கள் 20ஐ ஏற்றிப் பரிசோதித்தது உண்மை. அந்தக் கப்பலில் பின்புறக் கதவு இல்லை என்பதும் உண்மை. அதனால் என்ன? வெகுதூரத்திலேயே எதிரியைக் காணும் ஹோக்ஐ போன்ற ரேடார் விமானம் அதிலிருந்து எழ முடியுமா? முடியாது. டிரிப்போலியின் வகையிலேயே அடுத்து வரும் பூகன்வில் கப்பலுக்கு அந்தக் கதவைத் திரும்ப வைக்கிறார்கள். இதற்கு மேல் அவரோடு வாதாட எனக்கு விருப்பமில்லை.

'எல்லாமே கொலைக்கருவிதானே, வேறுபாடு எதற்கு?' என்று இன்னொருவர் கேட்டார். இந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு மூதூரிலிருந்து என் தங்கை இரவில் தொலைபேசி எடுத்தாள். 'அண்ணா, மறுபடியும் ஏதும் தொடங்கப் போகிறதா? அரிசி வாங்கி வைக்கட்டுமா?' என்று கேட்டாள். 2006இல் போர் மூண்டபோது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவள் அவள். எந்தக் கப்பல், எதற்காக வருகிறது என்பது உங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். அவளுக்கு அது அன்றிரவின் தூக்கம்.

அதே தரையிறக்கக் கப்பல்தான் இடர்காலத்தில் கரைக்கு உதவவும் வருகிறது. சுனாமிக்குப் பிறகு 2005 ஜனவரியில் பொன்ஹோம் ரிச்சர்ட் கப்பலின் ஹோவர்கிராஃப்ட்கள் சுமாத்திராவின் மெலாபோ கரையில் நிவாரணப் பொருட்களை இறக்கின. ஆபிரகாம் லிங்கன் விமானந்தாங்கியும் அங்கே வந்ததே என்பீர்கள். வந்தது, அதன் ஹெலிகொப்டர்கள் நிறையச் சுமந்தன, மறுக்கவில்லை. ஆனால் இறங்குதுறை உடைந்துபோன ஊருக்குப் பாரமான வண்டிகளைக் கரையிலேயே கொண்டுவந்து விடுவது எது? கிண்ணியாவில் அந்த நாட்களைப் பார்த்தவர்கள் பதில் சொல்லட்டும்.

என் அம்மப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கூலியாளாக இருந்தவர். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்ததையும், சீனக்குடா எண்ணெய்க் குதம் எரிந்த கரும்புகையையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே நாளில்தான் பிரித்தானியரின் ஹெர்மிஸ் கப்பல் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. தாக்குதல் வருகிறது என்று முந்தைய இரவு நம் துறைமுகத்திலிருந்து அதை வெளியே அனுப்பினார்கள். தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் நின்றன. 307 பேர் செத்தார்கள். விமானம் இல்லாத விமானந்தாங்கிக்கு என்ன கதி என்பதை உலகமே நம் கரையோரத்தில்தான் பார்த்தது. வெளிநாட்டிலிருந்து சுழியோடிகள் வந்து அந்தக் கப்பலைத் தேடி இறங்குகிறார்கள். இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஹெர்மிஸ் என்று சொல்லிப் பாருங்கள், விழிப்பான். பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்?

உலகமே கண் வைத்திருக்கும் துறைமுகத்தின் கரையில் பிறந்துவிட்டு, அதற்குள் வருவது என்ன கப்பல் என்று கேட்பவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். வேறு ஊர்க்காரர் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

'விட்டுவிடுங்கள் ஐயா, சின்ன விடயம்' என்று உட்பெட்டியில் எழுதும் அன்பர்களுக்கு: விட மாட்டேன். அந்தப் பக்கத்தை நடத்தும் தம்பி தலைப்பைத் திருத்தும்வரை நாள்தோறும் அங்கே போய்க் கேட்பேன்.