பாட்டு அது பாட்டுக்கு ஓடட்டுமே!

"இதெல்லாம் ஒரு பாட்டா மாமா?"

இதைக் கேட்பதற்கென்றே என் மச்சினன் பிறந்திருக்கிறான். மாதம் பிறந்தால் எனக்கு ஜிஎஸ்டி கணக்கு கழுத்தைப் பிடிக்கும். பில்களைச் சரிபார்க்கும்போது பக்கத்தில் ஏதோ ஒரு பாட்டு ஓடும். யார் இசை, யார் குரல் என்று எனக்கே தெரியாது. தெரியவும் வேண்டாம். இவன் வந்து நின்று, "மூணு கார்டுலயே முழுப் பாட்டையும் முடிச்சுட்டான் பாருங்க" என்பான். கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கிற சுரங்களாம். அதோடு விட்டாலும் பரவாயில்லை. இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, "ரெண்டாவது இடையிசையில பேஸ் கிட்டாரை மட்டும் கவனிங்க" என்று உட்கார்ந்துவிடுவான். டேய், நான் பேஸ் கிட்டாரைக் கவனித்தால் கணக்கை யார் கவனிப்பது?

ராஜா மேல் எனக்கென்ன கோபம்? அவர் பாட்டு ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால்தான் வேலை நேரத்தில் போடுவதில்லை.

இது என் சோம்பேறித்தனம் என்று அவன் நினைக்கிறான். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940இல், தொழிற்சாலை ஆட்களுக்காகவே பிரிட்டனின் பிபிசி வானொலி காலையிலும் பிற்பகலிலும் அரை மணி நேரம் இசை போட ஆரம்பித்தது. தெரிந்த மெட்டு, சீரான தாளம், எந்திர இரைச்சலிலும் காதில் விழுகிற ஒலி என்று பார்த்துப் பார்த்துத்தான் போட்டார்கள். ஒரு அமெரிக்கப் பாட்டில் கைதட்டுகிற இடம் வரும். கையிலிருக்கும் கருவியைக் கீழே போட்டுவிட்டுத் தட்டப் போய்விடுவார்கள் என்று அதற்கு அந்த நிகழ்ச்சியில் தடையே விதித்தார்கள்! சும்மா ஓடுகிற பாட்டைப் பொறுக்குவதற்கு இவ்வளவு யோசனை. 1967 வரை அந்த நிகழ்ச்சி ஓடியது.

பிரான்சில் எரிக் சாட்டி என்றொரு இசையமைப்பாளர். மேஜை நாற்காலி மாதிரி இசையும் அறையில் ஓரமாகக் கிடக்கட்டும் என்று எழுதி, 1920இல் பாரிஸில் ஒரு நாடகத்தின் இடைவேளையில் வாசிக்க வைத்தார். ஜனங்களோ வாயை மூடிக்கொண்டு கேட்க உட்கார்ந்துவிட்டார்கள். "கேட்காதீங்க, பேசுங்க, நடங்க" என்று மனுஷன் கெஞ்ச வேண்டியதாயிற்று. அங்கே உட்கார்ந்திருந்தது முழுக்க என் மச்சினன் வகையறா போல.

சரி, இவ்வளவு ரசனைக்காரன் கல்யாண வீட்டில் என்ன செய்கிறான்? போன முகூர்த்தத்தில் ஒரு பெரியவர் நாதஸ்வரத்தில் கல்யாணி ராகத்தை விஸ்தாரமாக வாசித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து கவனிக்க வேண்டிய இசை என்றால் அதுதான். இவன் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்டப வாடகை எவ்வளவு என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தவிலைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க மாமா, பேசறதே கேக்கல" என்றான்.