மீனைச் சாப்பிடாதீர்கள் என்கிற பலகை

கலிஃபோர்னியாவில் பிள்ளை நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டால் அந்த வருடம் முழுக்க வீட்டில் ‘தங்க வேட்டை’தான், 1848-இல் இங்கே தங்கம் கிடைத்ததும் ஊர் ஊராக ஆட்கள் தேடி ஓடிவந்த அந்தக் கதை. பாடத்திட்டத்தில் அது இருக்கிறது. அதனால் கோலோமாவுக்கு ஒரு நடை போய்வராத பெற்றோர் எங்கள் வட்டாரத்தில் குறைவு. நாங்களும் போனோம். 1848 ஜனவரி 24 அன்று, மரம் அறுக்கும் ஆலையின் வாய்க்காலில் மினுங்கியதை ஜேம்ஸ் மார்ஷல் குனிந்து எடுத்த இடம். என் மகன் தொட்டித் தண்ணீரில் தட்டைச் சுழற்றிச் சுழற்றி மண்ணை அலசினான். கை விறைத்துப்போன பிறகு ஒரு பொட்டு மினுக்கல் தட்டின் ஓரத்தில் ஒட்டியது. தங்கமா, அபிரகமா என்று நான் கேட்கவில்லை. (மார்ஷலே அந்தத் தங்கத்தால் பணக்காரர் ஆகவில்லை. கடைசிக் காலத்தை வறுமையில் கழித்துச் செத்தார். அதன்பின் சிலை வைத்தார்கள். இது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.)

கிராஸ் வேலியில் எம்பயர் தங்கச் சுரங்கத்தையும் பார்த்தோம். 1850-இல் தொடங்கி 1956 வரை ஓடியது, 367 மைல் சுரங்கப்பாதை. முதலாளியின் பங்களா, ரோஜாத் தோட்டம், புல்வெளி எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. குழந்தையோடு போக அருமையான இடம், மறுக்கவில்லை.

என் வருத்தம் வேறு. சான் ஹோசேயில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் நியூ அல்மடன் இருக்கிறது. வாரக் கடைசியில் நம் ஆட்கள் நடைப்பயிற்சிக்குப் போகிற அந்த மலைதான். அதைப் பற்றி என் மகன் கொண்டுவந்த தாள்களில் ஒரு வரி இல்லை. வட அமெரிக்காவிலேயே அதிகமாகப் பாதரசம் எடுத்த சுரங்கம் அது. தங்க வேட்டைக்கு முன்பே, 1840-களில் தொடங்கிவிட்டது. நம் சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்கிறோமே, பாதரசம் அடங்கிய அந்தச் சிவப்புக் கல்தான் அங்கே மலைக்குள் கிடந்தது. ஓலோன் பழங்குடியினர் அதை அரைத்து உடம்பில் சிவப்புச் சாயமாகப் பூசினார்கள். பின்னால் வந்தவர்கள் உலையில் போட்டுச் சுட்டார்கள்; ஆவி குளிர்ந்து பாதரசமானது. அதை 76 பவுண்டு கொள்ளும் இரும்புக் குடுவைகளில் அடைத்து அனுப்பினார்கள்.

பாதரசம் எதற்கு? ஆற்று மண்ணில் இருக்கிற பொடித் தங்கத்தைக் கையால் பொறுக்க முடியாது. மரக் கால்வாயில் பாதரசத்தை ஊற்றி வைத்தால் தங்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கட்டியைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும், தங்கம் நிற்கும். சிந்தியதெல்லாம் ஆற்றோடு போனது. மலாகாஃப் டிகின்ஸ் என்ற தங்கச் சுரங்கத்தில் ராட்சதக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி மலையையே கரைத்தார்கள். அந்தச் சேறு இறங்கி ஆற்றுப் படுகை மேடாகி, மேரிஸ்வில் பக்கம் விவசாயிகளின் நிலம் மூழ்கியது. அவர்கள் வழக்குப் போட, 1884-இல் நீதிபதி லொரென்சோ சாயர் கழிவை ஆற்றில் விடக்கூடாது என்று தடை போட்டார். தீர்ப்பு வந்தது, பாதரசம் போகவில்லை. இன்றும் அது சேற்றிலிருந்து பூச்சிக்கும் சின்ன மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறிக்கொண்டிருக்கிறது.

அல்மடன் நீர்த்தேக்கத்துக் கரையில் ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. இங்கே பிடிக்கிற மீனைச் சாப்பிடாதீர்கள். காரணம், பாதரசம். என்னைக் கேட்டால், இந்த மாநிலத்தின் தங்க வரலாற்றைப் பற்றி நான் பார்த்ததிலேயே பொய் கலக்காத நினைவுச்சின்னம் அதுதான். வெண்கலத்தில் வார்க்கவில்லை, பக்கத்தில் யாரும் நின்று போட்டோ எடுப்பதில்லை.

பாரம்பரியச் சின்னம் என்றால் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்துவிட்டோம். பங்களா மிச்சம் இருந்தால் பாரம்பரியம். விஷம் மிச்சம் இருந்தால் சுற்றுச்சூழல் துறையின் கோப்பு. மனிதர்கள் விஷயத்திலும் இதே கதை. 1848-இல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் இருந்த கலிஃபோர்னியப் பழங்குடியினர் 1870 வாக்கில் முப்பதாயிரம் ஆகிப்போனார்கள். நோய், பட்டினி, நேரடிக் கொலை. கோலோமா நிசெனன் என்கிற பழங்குடி மக்களின் மண். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டைனோசர் எப்படி அழிந்தது என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் சொல்வான்.

போன வாரம் அவனுக்கு ஒரு அட்டை வேலை: தங்க வேட்டையின் முக்கியமான மூன்று இடங்கள், படத்தோடு. கோலோமா ஒட்டினான், எம்பயர் சுரங்கம் ஒட்டினான். மூன்றாவதாக என் போனில் இருந்த அந்த மீன் பலகையின் படத்தை அச்செடுத்து ஒட்டிவிட்டான். நான் சொல்லித் தரவில்லை, சத்தியமாக. டீச்சர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, இரண்டு வரி விளக்கம் எழுதி வா என்று அனுப்பியிருக்கிறார். அவன் இன்னும் எழுதவில்லை. நான்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.