மூன்று ஆசிலேட்டர்களுக்கு முன் ஒரு விசிஏ
மாடுலர் சின்தசைசர் (தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து ஒலி உருவாக்கும் கருவி) சேர்க்கத் தொடங்குபவர் முதலில் மூன்று ஆசிலேட்டர்களை, அதாவது ஒலி அலையை உருவாக்கும் பகுதிகளை, வாங்கிவிட வேண்டும் என்று மேலுள்ள கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன், ஆனால் கையிலிருந்த ஒரே விசிஏ (மின்னழுத்தத்தின் கட்டளைப்படி சமிக்ஞையைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) ஒலியளவைக் கட்டுப்படுத்துவதிலேயே தீர்ந்துபோனதால், ஒரு ஸ்வரம் நீளும்போது மெல்ல மெல்லக் கூடிவரும் சுருதி அசைவைக்கூட அமைக்க முடியாமல் போயிற்று. ±5 வோல்ட் தரும் எல்எஃப்ஓ (மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைத் தரும் பகுதி) ஒன்றை, வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கணக்கில் இயங்கும் ஆசிலேட்டரில் நேராகச் செருகினால் சுருதி 10 ஸ்தாயி அகலத்துக்கு அலைபாயும். இனிமையான அசைவுக்கோ ஒரு வோல்ட்டில் நூறில் சில பங்கே போதும். அதைக் கையால் குறைக்க, திருகிக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போதுமானது, ஆனால் வாசிப்பின் போக்கிலேயே கூட்டிக் குறைக்க இன்னொரு விசிஏதான் வேண்டும், அதுவும் டிசி மின்னழுத்தத்தை, அதாவது நிலையான அல்லது மிக மெதுவாக மாறும் மின்னழுத்தத்தை, கடத்தும் வகையாக இருக்க வேண்டும். ஒலிக்கென்றே செய்யப்பட்ட சில விசிஏக்கள் மெதுவான கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை விழுங்கிவிடும் (இதை வாங்கிய பிறகுதான் கவனித்தேன்). சுருதி மின்னழுத்தத்தைச் சாதாரண மல்டிப்பிள் (ஒரு சமிக்ஞையைப் பல வழிகளாகப் பிரிக்கும் பகுதி) கொண்டே மூன்றாகப் பிரிக்கலாம் என்று மேலே கருத்து எழுதியுள்ள நண்பருக்கு: 1 கிலோஓம் வெளியீட்டுத் தடையுள்ள சீக்வென்சரை (ஸ்வரங்களுக்கான மின்னழுத்தங்களை வரிசையாகத் தரும் பகுதி), தலா 100 கிலோஓம் உள்ள மூன்று உள்ளீடுகளுக்குப் பிரித்தால் மின்னழுத்தம் ஏறக்குறைய 3 சதவீதம் இறங்கி, ஒரு ஸ்தாயிக்குச் சுமார் 35 சென்ட் (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்) பிசகும் என்பதால், அந்த இடத்தில் மின்னழுத்தம் இறங்காமல் காக்கும் பஃபர் சுற்று உள்ள மல்டிப்பிளே பொருந்தும்.