பணம் உங்களுடையது முதலாளி, லெஃப்ட் கார்னர் என்னுடையது

கபடி அணிக்குப் பணம் போடுகிறவருக்கு, யாரை ஆட விடுவது என்று பேச உரிமை இல்லையா என்று கேட்கிறார்கள். கேட்கிற எவரும் ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லை என்பதுதான் வேடிக்கை. முதலாளிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவர் சிரித்தால் சிரித்து, அவர் முகம் சுளித்தால் "அந்தப் பையனை மாற்றச் சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுக்கிற கூட்டம் அது. உரிமை இருக்கிறது ஐயா, நிறையவே இருக்கிறது. எதுவரை என்பதில்தான் சண்டை.

அவிநாசிப் பக்கம் ஒரு கபடி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பகலில் வேறு வேலை, மாலையில் மைதானம். அணிக்குச் செலவு செய்கிறவர் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். பெயர் வேண்டாம். கை நீண்ட மனிதர். ஜெர்சி, ஷூ, வேன் வாடகை, அடிபட்டால் எக்ஸ்ரே, கட்டு என்று எதற்கும் கணக்குப் பார்த்ததில்லை. செம்மண்ணில் முட்டி தேய்ந்துகொண்டிருந்த பையன்களுக்கு மேட் வாங்கிப் போட்டவரும் அவர்தான். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் போட்டி தொடங்கப்போகிற நேரம், பையன்கள் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, காரிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து, தடுப்பு வரிசையின் இடது ஓரத்தைக் காட்டி, "லெஃப்ட் கார்னர்ல நம்ம அக்கா மகனை விடு" என்கிறாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா மகன் ஜிம்முக்குப் போகிறவன். தோளும் கையும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பயிற்சிக்கு மட்டும் தோன்றினால் வருவான். மழை தூறினால் வரமாட்டான். தூறாவிட்டாலும் பெரும்பாலும் வரமாட்டான்.

பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டத்தில் கார்னர் என்பது ஓரமாக நிற்கிற இடம் என்று நினைத்துவிட்டார்கள். பாடி வருகிற எதிரணி ரெய்டருக்கு, நம் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்ப 30 விநாடி இருக்கிறது. அவன் கூடுதல் பாயிண்ட் தரும் போனஸ் கோட்டைப் பார்த்துக் காலை நீட்டுகிற ஒரு கணத்தில் கார்னர் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். பிடித்த அதே கணத்தில் பக்கத்திலிருக்கும் தடுப்பாளன், கவர் என்போமே, அவன் வந்து இடுப்பை மறிக்க வேண்டும். கவர் அரை மூச்சு தாமதித்தாலும் ரெய்டர் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். எங்கள் கார்னரும் கவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அவன் தோள் அசைவது இவனுக்குத் தெரியும். பல மாதம் ஒன்றாக விழுந்து எழுந்ததால் வந்த பழக்கம் அது. அந்தச் சோடியைப் போட்டிக்கு முன்பு பிரித்துவிட்டு, பைசெப்ஸை நம்பி ஆள் இறக்கச் சொல்கிறார்கள். சொன்னபடியே இறக்கினேன். அன்றைக்கு அந்தப் பக்கமாகவே வந்து வந்து பாயிண்ட் எடுத்துக்கொண்டு போனான் எதிரணி ரெய்டர். அவனுக்கு வழி தெரிந்துவிட்டது. எங்கள் முதலாளிக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை.

தோற்ற பிறகு அவர் யாரைக் கூப்பிட்டார் என்கிறீர்கள்? என்னைத்தான். "என்னப்பா டிஃபென்ஸ் இப்படி ஓட்டையா இருக்குது?" என்றார்.

இதே மனிதர் தன் கம்பெனியில் இப்படி நடக்க விடுவாரா? சரக்கு வாங்குகிற பையர் கேட்ட நிறத்துக்குச் சிறு துண்டில் சாயமேற்றி லேப் டிப் என்ற மாதிரி எடுத்து, அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகுதான் சாயப்பட்டறையில் மொத்தத் துணியும் உள்ளே போகிறது. துணி பாதி வெந்துகொண்டிருக்கும்போது அவருடைய மச்சான் போய் நின்று, "நீலத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடு" என்று டையிங் மாஸ்டரிடம் சொன்னால் கதை என்ன ஆகும்? மச்சான் என்றும் பார்க்காமல் வெளியே அனுப்பிவிடுவார். ஏனென்றால் ஷேடு மாறினால் பையர் பணத்தைக் கழித்து டெபிட் நோட் அனுப்புவான், நஷ்டம் இவர் பையிலிருந்து போகும். கபடியில் தவறான ஆளை இறக்கினால் யாரும் டெபிட் நோட் அனுப்புவதில்லை. அடுத்த வாரம் வேறு ஊரில் வேறு போட்டி. பழி பயிற்சியாளன் தலையில் விழுகிறது, பையன்களின் முழங்கால் தேய்கிறது, முதலாளிக்கு மேடையில் பொன்னாடை. செலவில்லாத தவறு என்பதால்தான் இவ்வளவு தாராளமாகச் செய்கிறார்கள்.

தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலையில் சேர்ந்து, பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மெஷின் பத்தோடு ஒரு ஓட்டுக் கட்டடத்தில் சொந்தக் கம்பெனி வைத்து, இன்று கண்டெய்னர் அனுப்புகிறவர் அவர். இந்தப் பக்கம் அப்படி மேலே வந்தவர்கள் நிறைய. யார் சொல்லையும் கேட்காமல் தன் மனம் சொன்னதைச் செய்து ஜெயித்தவர்கள். அந்த வெற்றியே கண்ணை மறைக்கிறது. நூல் விலை ஏறுமா இறங்குமா என்று கணித்தவனுக்கு ரெய்டர் இடதா வலதா என்று கணிக்கத் தெரியாதா என்ற எண்ணம். தெரியாது. மன்னிக்கவும், தெரியவே தெரியாது.

பெரிய இடத்திலும் இதே கூத்துதான். 2008இல் ஐபிஎல் முதல் சீசன். பெங்களூர் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நடுவிலேயே தலைமை நிர்வாகி சாரு சர்மாவின் பதவி போனது. வீரர்களைத் தேர்ந்தெடுத்தது கேப்டன் டிராவிடும் சர்மாவும்தான், என் மனத்தில் வேறு பட்டியல் இருந்தது, நான் ஒதுங்கி நின்றதுதான் தவறு என்று உரிமையாளர் விஜய் மல்லையா வெளிப்படையாகவே சொன்னார். ஜெயித்திருந்தால் ஒதுங்கி நின்றதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டிருப்பார். தோற்றதும் ஆள் காட்டுகிறார். ஆடுகளத்தில் வியர்வை சிந்துகிற கேப்டனை முதலாளியே பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிறுத்தினால் அடுத்த போட்டியில் அவர் எந்த மனநிலையில் டாஸ் போடப் போவார்?

2024 மே 8 ஹைதராபாத்தில் நடந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். லக்னோ எடுத்த 165 ரன்னை ஹைதராபாத் விக்கெட்டே இழக்காமல் 9.4 ஓவரில் முடித்துவிட்டது. பார்த்த எவருக்கும் வயிறு எரிந்திருக்கும், லக்னோ உரிமையாளர் சஞ்சீவ் கோயங்காவுக்கும் எரிந்திருக்கும். ஆனால் மைதானத்திலேயே, கேமராக்கள் சுழன்றுகொண்டிருக்கும்போதே, கேப்டன் ராகுலை நிறுத்திக் கையை ஆட்டி ஆட்டிப் பேச வேண்டுமா? என்ன பேசினார் என்பது யாருக்கும் கேட்கவில்லை. கேட்கவே தேவையில்லை, அந்தக் கையே போதும். டிரெஸ்ஸிங் ரூமுக்குக் கதவு எதற்கு வைத்திருக்கிறார்கள்? அடுத்த சீசனில் ராகுல் டெல்லிக்குப் போய்விட்டார். லக்னோ 27 கோடி ரூபாய் கொடுத்து ரிஷப் பந்த்தை எடுத்தது. 2025இல் பிளே ஆஃப்கூடப் பார்க்கவில்லை.

உடனே எங்கள் நாற்காலிக் கூட்டம் புனேவை இழுத்துக்கொண்டு வரும். இதே கோயங்காவின் புனே அணி 2017இல் தோனியையே கேப்டன் பதவியிலிருந்து நீக்கிவிட்டு ஸ்மித்தைக் கொண்டுவந்தது, இறுதிப்போட்டி வரை போய் ஒரே ரன்னில்தானே தோற்றது, முதலாளி முடிவு சரியாகத்தானே இருந்தது என்பார்கள். சரியாகவே இருக்கட்டும். அது சீசன் தொடங்கும் முன்பே எடுத்து, ஊரறிய அறிவித்த முடிவு. கேப்டன் யார், பயிற்சியாளர் யார், செலவு எவ்வளவு என்பதெல்லாம் முதலாளியின் எல்லைக்குள் வருகிறவை. நான் அதை எங்கே மறுத்தேன்? என்னைப் பிடிக்கவில்லையா, சீசன் முடிந்ததும் கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள். ஆனால் என்னை வைத்துக்கொண்டே என் வேலையையும் நீங்கள் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்காவில் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்று ஒரு கால்பந்து அணி, அவர்கள் பாணிக் கால்பந்து. ஜெர்ரி ஜோன்ஸ் 1989இல் அதை வாங்கினார். உரிமையாளரும் அவரே, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொது மேலாளரும் அவரே. அடுத்தடுத்து இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனோடு முட்டிக்கொண்டு 1994இல் பிரிந்தார். ஜான்சன் கட்டிய அணியின் வேகத்தில் இன்னொரு கோப்பை வந்தது. 1996 ஜனவரியில் வாங்கிய அந்தக் கோப்பைக்குப் பிறகு இறுதிப்போட்டிப் பக்கமே போகவில்லை. வேறு எந்தப் பொது மேலாளராக இருந்தாலும் எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தன்னைத் தானே வேலையை விட்டு நீக்கிக்கொள்ள எந்த முதலாளிக்கு மனம் வரும்?

அவ்வளவு தூரம் எதற்கு, நம் சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகி, தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கண்ணில் பட்டவர். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் நின்றவரை பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. பெரிய ஆட்டம் ஆடாதவருக்கு இவ்வளவா என்று கேட்டவர்களை மீறி எடுத்ததாக அந்த அணியில் இருந்த சேவாக் பின்னால் சொன்னார். ஆட்டம் ஆடிய கண்ணுக்கு அந்த யார்க்கர் தெரிந்தது. பேரையும் முகத்தையும் பார்த்து ஆள் எடுக்கிறவருக்குத் தெரிந்திருக்குமா?

எங்கள் முதலாளிக்குப் பேர் என்றால் தனி மயக்கம். ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர் வேண்டும். 2022இல் புரோ கபடி லீக்கில் நம் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்சத்துக்குப் பேர் பெற்ற ரெய்டர் பவன் ஷெராவத்தை வாங்கியது. முதல் போட்டியிலேயே அவருக்கு முழங்காலில் அடி, சீசனே போயிற்று. அந்த ஆண்டுதான் நரேந்தர் போன்ற இளைஞர்களை வைத்துக்கொண்டு அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. இதை எடுத்துச் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். எது வேறு என்று மட்டும் சொல்லவில்லை.

நடந்தது என்னவென்றால், உட்கார வைக்கப்பட்ட எங்கள் லெஃப்ட் கார்னர் பையன் ஈரோட்டு அணி ஒன்றுக்குப் போய்விட்டான். அங்கே பணம் அதிகமில்லை. "அண்ணா, அங்க யாரை இறக்கறதுன்னு கோச்தான் சொல்றாருங்க" என்று மட்டும் சொன்னான். நான் தடுக்கவில்லை. இப்போது முதலாளி என்னைப் பார்த்து, நம்ம பையனை எப்படி விட்டாய் என்று கேட்கிறார்.

மாதக் கடைசியில் எடைப் பிரிவுப் போட்டி வருகிறது. ஏழு பேர் பெயரையும் முதல் நாளே தாளில் எழுதி என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவேன். முதலாளி தாராளமாகத் திருத்தலாம். திருத்தினால் கீழே அவர் கையெழுத்தும் வேண்டும், தோற்றால் மைக்கைப் பிடித்து அந்தத் தாளை அவரே வாசிக்க வேண்டும். சம்மதமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.